பலாலி முதல் ரொறன்ரோ வரை: தூரக் கணக்கும் நேரக் கணக்கும் ஏன் ஒத்துவருவதில்லை?

கொக்குவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. அம்மாவை நானே அழைத்துச் சென்று அங்கே விட்டுவிட்டு வரவேண்டும். அம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்; முழங்கால் வலியும் உண்டு. ஆகவே, எத்தனை மணித்தியாலம் அவர் இருக்கையில் இருக்க வேண்டும், எத்தனை மணித்தியாலம் விழித்திருக்க வேண்டும் என்பதைச் சரியாக அறிந்துகொண்டுதான் சீட்டு எடுக்க விரும்புகிறேன்.

ஆனால் கிடைக்கும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இணையத்திலுள்ள தூரக் கணிப்பான்களில் யாழ்ப்பாண (பலாலி) விமான நிலையத்தையும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தையும் கொடுத்தால், தூரம் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர் என்றும், பறக்கும் நேரம் ஏறத்தாழ 16 மணித்தியாலம் என்றும் விடை வருகிறது. முகவர் காட்டிய சீட்டிலோ, கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இரவு 10:00 மணிக்கு ஏறி, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9:30 மணிக்கு ரொறன்ரோவில் இறங்குவதாக இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தால் அது பதினொன்றரை மணித்தியாலந்தான். அதே சீட்டின் அடியில் மொத்தப் பயண நேரம் 22 மணித்தியாலம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெப்ரவரி கடைசி வாரத்துக்குப் பதிலாக மார்ச் நடுப்பகுதியைக் கேட்டபோது, அதே நேரத்தில் புறப்பட்டு 10:30க்கு இறங்குவதாகக் காட்டினார். ஒரு மணித்தியாலம் எங்கே கூடியது? இவற்றில் எந்த எண்ணை நான் நம்ப வேண்டும்?

பூகோள ஆசிரியர் எழுதியது:

தம்பி, நீங்கள் தந்த எண்கள் எல்லாமே சரியானவைதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளக்கிறது. முதலில் தூரத்தைப் பார்ப்போம், ஏனெனில் அதில் நம்மவர் பலருக்கும் ஒரு தவறான படம் மனதில் பதிந்திருக்கிறது.

பாடசாலைச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் யாழ்ப்பாணத்தையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்து இணைத்தால், கோடு அரபிக் கடலையும் செங்கடலையும் சகாரா பாலைவனத்தையும் மொரோக்கோவையும் தாண்டி அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே போகும். அந்தக் கோட்டின் வழியே பறந்தால் 15,900 கிலோமீற்றருக்கு மேல் வரும். ஆனால் பூமி உருண்டையானது. இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தினூடாக வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தின் வில்லாகும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் நுனியைப் பிடித்து, மறு நுனியை ரொறன்ரோவில் வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் மேற்கே போகாது, வடக்கே ஏறும். இராஜஸ்தான், பாகிஸ்தானின் பஞ்சாப், ஆப்கானிஸ்தானின் கிழக்குப் பகுதி, தஜிகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைக்கு மேற்கேயுள்ள நிலம், வெண்கடல், நோர்வேயின் வடமுனை என்று போய், நோர்வேக் கடலுக்கு மேல் ஏறத்தாழ 73 பாகை வட அகலக்கோட்டைத் தொட்டு, பின் கிறீன்லாந்துப் பனிப்பரப்பையும் லப்ரடோர் முனையையும் கியூபெக்கையும் கடந்து தெற்கே இறங்கும். இந்த வழியின் நீளந்தான் கணிப்பான் காட்டும் 13,700 கிலோமீற்றர்.

இவ்வளவு வடக்கே ஏறுவதற்குக் காரணம் உண்டு. பலாலி 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. பியர்சன் ஏறத்தாழ 80 பாகை மேற்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 160 பாகை. அதாவது நமக்கு ரொறன்ரோ கிட்டத்தட்ட உலகின் மறுபக்கம். மறுபக்கத்துக்குப் போகும் குறுக்குவழி துருவத்தின் அருகேதான் செல்லும்.

கணிப்பானின் விடையைக் கையால் சரிபார்க்க விரும்பினால், ரொறன்ரோவை விட்டுச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். பலாலியின் அகலக்கோடு 9.79 பாகை வடக்கு, சென்னை விமான நிலையமுள்ள மீனம்பாக்கத்தினது 12.99 பாகை வடக்கு. நெடுங்கோடு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் 3.2 பாகை, அதாவது 192 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். பெருக்கினால் 356 கிலோமீற்றர். எந்தக் கணிப்பானும் இதையேதான் சொல்லும். உயர்தர மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கொடுக்கும்போது, நம் வீட்டுக்கு நேர் வடக்கே சென்னை இருக்கிறது என்பதைக் கண்டு அவர்கள் வியப்படைவதை நான் மிகவும் விரும்புவேன்.

சுன்னாகம் வாசகன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன வழி விளங்குகிறது. ஆனால் அந்த வழியில் எந்த விமானமும் பறக்கவில்லையே. பிறகு அந்த 13,700ஆல் கொக்குவில் தம்பிக்கு என்ன பயன்?

வானூர்தி விரும்பி எழுதியது:

பயன் உண்டு: மற்ற வழிகள் எவ்வளவு சுற்று என்பதை அளக்கும் கோல் அது. அதை வைத்து நான் கணக்குப் பார்த்தேன்.

கட்டுநாயக்க – டுபாய் ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர், டுபாய் – ரொறன்ரோ ஏறத்தாழ 11,080, கூட்டினால் 14,370. டோஹா வழியாயின் 14,490 அளவில் வரும். இஸ்தான்புல் வழி 14,470. லண்டன் வழி, கட்டுநாயக்கவிலிருந்து 8,710, அங்கிருந்து 5,710, ஆக 14,420. பலாலியிலிருந்து சென்னை சென்று, சென்னை – லண்டன் – ரொறன்ரோ என்று போனால் மொத்தம் ஏறத்தாழ 14,300. இவ்வளவு வேறுபட்ட நகரங்களினூடாகச் சென்றும், கூடிய தூரத்துக்கும் குறைந்த தூரத்துக்கும் இடையே 200 கிலோமீற்றர்தான் வித்தியாசம். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது கால் மணித்தியாலம்கூட இல்லை. ஆகவே "டுபாய் சுற்று, லண்டன் குறுக்கு" என்ற பேச்சுக்குத் தூரத்தில் ஆதாரம் இல்லை. கிழக்கே ஹொங்கொங் வழியாகப் போனால் மட்டுமே 16,500ஐத் தாண்டும். அதுதான் உண்மையான சுற்று.

நேரடி விமானம் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 14,000 கிலோமீற்றர் பறக்கும் விமானங்கள் இல்லாமலில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீற்றர் தூரத்தை ஏ350 விமானத்தின் நீள்தூர வகை ஒரே மூச்சில் 18 மணித்தியாலத்துக்கு மேல் பறந்து கடக்கிறது. ஆனால் அத்தகைய விமானத்தை நாள்தோறும் நிரப்புவதற்கு, கூடிய கட்டணம் கொடுக்கும் பயணிகள் வேண்டும். நம்மவரின் பயணம் கோடை விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மார்கழியிலும் குவிந்து, மற்ற மாதங்களில் வற்றிவிடுகிறது. வான்பரப்புத் தடைகளையும் சேர்த்துப் பாருங்கள். 2022 பெப்ரவரி இறுதியில் கனடாவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றது வான்பரப்பை மூடின. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. ஆசிரியர் ஐயா வரைந்த குறுக்குவழி ரஷ்யாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மேலாகவே செல்கிறது.

பலாலியைப் பொறுத்தவரை, 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டபோது செப்பனிடப்பட்ட ஓடுபாதை 1,400 மீற்றர் அளவானது. அது ஏ.டி.ஆர். 72 போன்ற காற்றாடி விமானத்துக்குப் போதும். எரிபொருளும் பயணிகளும் நிறைந்த பெரிய ஜெற் விமானம் அதன் இருமடங்கு நீளத்துக்கு மேல் கேட்கும். கட்டுநாயக்க ஓடுபாதை 3,350 மீற்றர். ஆகையால் பலாலியிலிருந்து புறப்படும் எந்த நெடும்பயணமும் இன்னொரு நிலையத்தில் மாறியே ஆகவேண்டும்.

வடமராட்சிக் கடலோரம் எழுதியது:

நான் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கருத்தை இந்த எண்களே உறுதிப்படுத்துகின்றன. வானத்தில் எல்லா வழியும் ஒன்றே என்றால், வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க வரை, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக ஏறத்தாழ 360 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை 356 கிலோமீற்றர். இரண்டும் ஒரே தூரம். முன்னதை வாகனத்தில் கடக்க ஏழு, எட்டு மணித்தியாலம் ஆகிறது. பின்னதைச் சிறிய விமானம் ஒன்றேகால் மணித்தியாலத்தில் கடக்கிறது. முழங்கால் வலியுள்ள தாயை இரவு முழுதும் வாகனத்தில் உட்காரவைத்து, அதன் பிறகு 22 மணித்தியால விமானப் பயணத்துக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொக்குவிலிலிருந்து பலாலி அரை மணித்தியாலத் தூரம். வீட்டில் தூங்கி எழுந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நம் விமான நிலையத்தை நாமே பயன்படுத்தாவிட்டால் அதில் சேவைகள் எப்படிப் பெருகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது சேவையை இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நடத்தியபோது, அந்த டக்கோட்டா விமானம் நம் காங்கேசன்துறை நிலையத்தில் (இன்றைய பலாலி) இறங்கித்தான் சென்றது. போர்க்காலத்தில் அறுந்துபோன தொடர்பு மீண்டும் கிடைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டது; 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் வந்தது; 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் வழி திறந்தது.

திருநெல்வேலிப் பயண முகவர் எழுதியது:

வடமராட்சி அண்ணாவின் ஆதங்கத்தை முழுமையாக மதிக்கிறேன். பலாலி வளரவேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் இந்தத் தாயின் பயணத்துக்குப் பொருந்துமா என்பதை மட்டும் பார்ப்போம்.

பலாலி – சென்னை ஒரு சீட்டாகவும், சென்னை – ரொறன்ரோ வேறொரு நிறுவனத்தின் தனிச் சீட்டாகவும் எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து வெளியே வந்து, பயணப்பொதிகளை எடுத்து, புறப்பாட்டு மண்டபத்துக்குப் போய் மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிப்போனால், தனித்தனிச் சீட்டு என்பதால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. புதிய சீட்டுக்கான செலவு உங்களுடையதே. அந்த ஆபத்தைத் தவிர்க்க, இடையே குறைந்தது ஆறேழு மணித்தியால இடைவெளி விடும்படி நான் எல்லோருக்கும் சொல்வேன். சிறிய விமானத்தில் பொதிக்கான எடை வரம்பும் குறைவு. கனடாவுக்குக் கொடுக்கும் இரண்டு பெரிய பெட்டிகளை அதில் ஏற்ற மேலதிகக் கட்டணம் செலுத்த நேரிடும்.

இப்போது வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போடுங்கள். கட்டுநாயக்க – டுபாய் வழியில், வீதியில் எட்டு மணித்தியாலம், நிலையத்தில் மூன்று, டுபாய் வரை நாலரை, அங்கே காத்திருப்பு மூன்றரை, ரொறன்ரோ வரை பதினான்கு, குடிவரவுக்கும் பொதிக்கும் ஒன்றரை, ஸ்காபரோவிலுள்ள வீட்டுக்கு ஒன்று, ஆக முப்பத்தைந்தரை. பலாலி – சென்னை – டுபாய் வழியில், வீட்டிலிருந்து பலாலிக்கு அரை, அங்கே மூன்று, பறப்பு ஒன்றேகால், சென்னையில் ஏழு, டுபாய் வரை நாலேகால், காத்திருப்பு மூன்றரை, மீதிப் பதினாறரை; ஆக முப்பத்தாறு. அரை மணித்தியாலம் கூட எடுக்கும் வழிக்காக, ஒரு விமான மாற்றத்தையும் ஒரு விசாவையும் கூடுதலாக ஏன் சுமக்க வேண்டும்?

வடமராட்சிக் கடலோரம் எழுதியது:

மணித்தியாலம் ஒன்றே என்றாலும் உடலுக்கு ஒன்றல்ல, தம்பி. மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள மண்டபத்தில் ஏழு மணித்தியாலம் நடந்து, இருந்து, சாய்ந்து கழிப்பதும், வாகனத்தில் மடக்கிய காலோடு எட்டு மணித்தியாலம் இருப்பதும் சமமா? உங்கள் பொதிக் கணக்கையும் தனிச் சீட்டின் ஆபத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். வீதிப் பயணத்தை வெறும் "எட்டு" என்று எழுதிவிட்டுக் கடப்பதை ஏற்கமாட்டேன். தூரத்தில் அது மூன்று வீதத்துக்கும் குறைவு. நேரத்தில் கிட்டத்தட்டக் காற்பங்கு. களைப்பில் அதைவிடவும் பெரிய பங்கு.

ஸ்காபரோ உறவு எழுதியது:

நான் அரியாலையைச் சேர்ந்தவள். பல ஆண்டுகளாக ரொறன்ரோவில் வாழ்கிறேன். தம்பி கேட்ட கடிகாரக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரமாகும். இலங்கை நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. ரொறன்ரோ குளிர்காலத்தில் ஐந்து மணித்தியாலமும், கோடையில் நான்கு மணித்தியாலமும் பின்னே நிற்கிறது. ஆகவே குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் பத்தரை மணித்தியால வேறுபாடு; கோடையில் ஒன்பதரை. மேற்கே வரும்போது, கடிகாரத்தில் தெரியும் நேரத்தோடு இந்த வேறுபாட்டைக் கூட்ட வேண்டும். இரவு 10:00 முதல் காலை 9:30 வரை பதினொன்றரை. அதனோடு பத்தரையைக் கூட்டினால் 22. முகவர் தந்த எண் அதுவே.

மார்ச் சீட்டில் 10:30 என்று வந்ததற்குக் காரணம், இங்கே மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு வரை அப்படியே இருக்கும். இலங்கையிலும் டுபாயிலும் அந்த மாற்றம் இல்லை. பன்னிரண்டரை மணித்தியாலத்தோடு ஒன்பதரையைக் கூட்டிப் பாருங்கள்; அதே 22தான். அம்மா ஒரு நிமிடமும் கூடுதலாகப் பயணம் செய்யப் போவதில்லை. குழப்பம் வரும்போதெல்லாம் எல்லா நேரத்தையும் கிரீனிச் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொள்வது என் வழக்கம்: 22:00 இலங்கை என்பது 16:30, 9:30 ரொறன்ரோ என்பது குளிர்காலத்தில் 14:30. இடையே 22 மணித்தியாலம். இந்த முறையில் பிழை வருவதற்கு வழியே இல்லை.

நீங்கள் திரும்பி வரும்போது இதே வழி குறைந்த நேரத்தில் முடிவதைக் காண்பீர்கள். நடு அகலக்கோடுகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான ஜெற் காற்று வீசுகிறது. டுபாயிலிருந்து ரொறன்ரோ வர ஏறத்தாழ 14 மணித்தியாலம் எடுக்கும் விமானம், திரும்பிப் போக ஏறத்தாழ பன்னிரண்டரை முதல் பதின்மூன்று மணித்தியாலமே எடுக்கும். குளிர்காலத்தில் அந்தக் காற்று இன்னும் வலுவடையும். 2020 பெப்ரவரியில் ஒரு புயற்காலத்தில், பிரிட்டிஷ் எயார்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணித்தியாலம் 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அது ஆறரை மணித்தியாலத்தை அண்டிய பயணம். ஆகவே கணிப்பான் தரும் ஒரே எண் போவதற்கும் வருவதற்கும் பொருந்தாது. அது காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணித்தியாலம் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

சுன்னாகம் வாசகன் எழுதியது:

வளைகுடா வழியில் போர் அச்சம் இருக்கிறதே. சென்ற ஆண்டுகளில் வான்பரப்பு மூடப்பட்டதாகச் செய்திகள் வந்தனவே?

வானூர்தி விரும்பி எழுதியது:

ஆம், 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலங்களுக்கு மூடியது. டோஹாவுக்குச் சென்றுகொண்டிருந்த விமானங்கள் வேறு நிலையங்களுக்குத் திருப்பப்பட்டன, பெருந்தொகையான பயணிகள் இடைவழியில் தங்க நேர்ந்தது. அத்தகைய நாளில் தூரக் கணக்கும் நேரக் கணக்கும் எதற்கும் உதவாது. முகவர் தம்பி சொன்ன ஒரே சீட்டு என்ற பாதுகாப்பு மட்டுமே உதவும். ஒரே பதிவில் முழுப் பயணமும் இருந்தால், மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது அந்த நிறுவனத்தின் பொறுப்பாகிறது. அச்சம் அதிகமாயின் லண்டன் வழி இருக்கிறது. தூரம் ஏறத்தாழ ஒன்றே என்று மேலே பார்த்தோம். முழங்கால் வலியுள்ளவருக்கு அதில் ஒரு நன்மையும் உண்டு. டுபாய் வழியில் நாலரையும் பதினான்குமாகப் பிரியும் பறப்பு, லண்டன் வழியில் பதினொன்றும் எட்டுமாகப் பிரியும். நீண்ட துண்டு மூன்று மணித்தியாலம் குறைகிறது. இலங்கைக் கடவுச்சீட்டில் லண்டன் வழியாகச் செல்வதற்கான இடைமாறல் விசா விதியைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாதி ஒருவர் எழுதியது:

மாத்திரை விடயத்தில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். "காலையில் ஒன்று" என்று அம்மாவுக்குப் பழகியிருக்கும். பயணத்தின்போது எந்தக் காலை என்ற கேள்வி எழும். ஏனெனில் அவர் ஏறும்போது இலங்கையில் இரவு, இறங்கும்போது ரொறன்ரோவில் காலை, ஆனால் உடலுக்கு அது மறுநாள் இரவு எட்டு மணி. ஆகவே கடைசி மாத்திரை எடுத்ததிலிருந்து எத்தனை மணித்தியாலத்துக்குப் பின் அடுத்ததை எடுக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டு, இலங்கை நேரத்திலும் ரொறன்ரோ நேரத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். நீண்ட துண்டில் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்கவும், இருக்கையிலேயே கணுக்காலை மடக்கி நீட்டவும் பழக்குங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து முதியவர்களுக்குக் கூடுதல். நடைவழியோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். யன்னல் காட்சியைப் பார்க்க அம்மா ஆசைப்பட்டால், நீங்கள் போகும் முதல் துண்டில் அதை வைத்துக்கொள்ளலாம்.

பூகோள ஆசிரியர் எழுதியது:

யன்னலைப் பற்றி அக்கா எழுதியதால் ஒரு குறிப்பு. டுபாய் – ரொறன்ரோ பெருவட்டமும் வடக்கேதான் ஏறுகிறது. விமானம் எந்த வழியைத் தெரிந்தாலும், முன்னிருக்கைத் திரையிலுள்ள படத்தில் அது வளைந்து போவது போலத் தோன்றும். அம்மா "ஏன் சுற்றிக்கொண்டு போகிறான்?" என்று கேட்டால், வளைவது தட்டைப் படம்தான், விமானம் நேராகவே போகிறது என்று சொல்லுங்கள்.

கொக்குவிலான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் இவ்வாறு தீர்மானித்திருக்கிறேன். கட்டுநாயக்கவிலிருந்து ஒரே பதிவுச் சீட்டையே எடுக்கிறேன். பொதிகள் ரொறன்ரோவில்தான் கைக்கு வரும். ஆனால் வடமராட்சி அண்ணா சொன்னதை ஏற்று, வீதிப் பயணத்தை விமானப் பயணத்தோடு ஒட்டவைக்கப் போவதில்லை. முந்திய நாள் காலையில் புறப்பட்டு, அனுராதபுரத்திலும் புத்தளத்திலும் நின்று, மாலையில் நீர்கொழும்பில் உறவினர் வீட்டில் தங்குகிறோம். மறுநாள் பகல் முழுதும் அம்மா ஓய்வெடுத்த பின், இரவு விமானத்துக்குப் போகலாம். மொத்த மணித்தியாலம் கூடுகிறது. தொடர்ந்து விழித்திருக்கும் மணித்தியாலம் எட்டால் குறைகிறது.

டுபாயா லண்டனா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. நீண்ட துண்டு பதினொன்றாகக் குறைவது நல்லதாகப்படுகிறது. ஆனால் டுபாயில் இடைமாறல் குறைந்த நடையில் முடியும் என்கிறார்கள். சக்கர நாற்காலி கேட்டால் இரண்டிலும் அந்தக் கவலை இல்லையா?

திருநெல்வேலிப் பயண முகவர் எழுதியது:

இல்லை, தம்பி. சக்கர நாற்காலி உதவி இரண்டு வழியிலும் கிடைக்கும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிந்தினால், புறப்படுவதற்குக் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அம்மாவுக்குப் படி ஏற முடியுமா, தூரம் நடப்பது மட்டுந்தான் கடினமா என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள். புறப்படும் இடத்தில் மட்டுமன்றி, மாறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் உதவி தேவை என்பது பதிவில் ஏறியிருக்கிறதா என்று கட்டுநாயக்கவில் போர்டிங் பாஸ் வாங்கும்போது ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறும் இடத்தில் இடைவெளி மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாத சீட்டையே தெரியுங்கள்; நாற்காலியில் வருவோரைப் பெரும்பாலும் மற்றப் பயணிகள் இறங்கிய பிறகே அழைத்துச் செல்வார்கள்.